தமிழ்99 விசைப்பலகை: ரெமிங்டனில் பழகிய விரல்களின் தீர்ப்பு

நீதிமன்ற வாசலில் மனு அடித்துக் கொடுப்பது என் தொழில். தமிழ் ரெமிங்டன் தட்டச்சுப் பொறியில் லோயர், ஹையர் தேர்வுகள் இரண்டும் முடித்தவள். கணினிக்கு வந்த பிறகும் பழைய தட்டச்சு விசை வரிசையையும் அதற்கான பழைய எழுத்துருவையும் விடவில்லை. ஆனால் நான் அடித்துத் தந்த கோப்பு வக்கீலின் கணினியில் திறந்தால் கட்டமும் கொக்கியுமாகத் தெரியும். "அக்கா, யூனிகோடில் கொடுங்கள்" என்று இளைய வக்கீல்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். சரி, மாறுவதுதான் மாறுகிறோம், அரசு 1999-இல் தரப்படுத்திய வரிசைக்கே மாறிவிடலாம் என்று தமிழ்99-ஐ எடுத்துக்கொண்டேன். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விண்டோஸிலும் மேக்கிலும் மொழி அமைப்புக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். உயிரெழுத்துகள் எல்லாம் இடது கையில் இருக்கின்றன. மெய்கள், வ, ங இரண்டும் நீங்கலாக, வலது கையில். அ, இ, உ மூன்றும் இடது விரல்கள் ஓய்வாக உட்காரும் இடத்திலேயே கிடைக்கின்றன. க, ப, ம, த, ந ஐந்தும் வலது கையின் நடு வரிசையில். தமிழ்ச் சொல்லில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. ஒரு கை அடிக்கும்போதே மறு கை அடுத்த விசைக்கு மேல் வந்து நின்றுவிடுகிறது. பழைய வரிசையில் ஒரே கை தொடர்ந்து மூன்று நான்கு விசைகளை இழுத்துக்கொண்டு ஓடும். சாயங்காலத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

இதைவிடப் பெரிய சௌகரியம் புள்ளி. அ, ம, ம, ஆ என்று அடித்தால் "அம்மா" வந்துவிடுகிறது. ப, ந, த, உ என்றால் "பந்து". ஒரே மெய் இரட்டித்தாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் புள்ளி தானாக விழுகிறது. இலக்கணத்தை விசைக்குள் வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு. இது மூளைக்கும் எவ்வளவு தோதானது என்பது பழகப் பழகத்தான் புரிந்தது. "ந்த", "ங்க", "ம்ப" எல்லாம் இப்போது எனக்கு இரண்டு விசைகள் அல்ல, ஒரே அசைவு. மூளையின் ஆழத்தில் ஸ்டிரையேட்டம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் குழுவினர் எலிகளை டி வடிவப் பாதையில் ஓடப் பழக்கி, அந்தப் பகுதியின் நரம்பணுக்களைக் கவனித்தார்கள். தொடக்கத்தில் ஓட்டம் முழுவதும் அவை துடித்தன. பாதை பழகியதும் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே பெரிதாகத் துடித்தன. நடுவில் உள்ளதெல்லாம் ஒரே கட்டாகிவிட்டது. அந்த ஆய்வு வெளிவந்ததும் 1999-இல்தான்!

கட்டு இறுகிவிட்டால் அதை அவிழ்ப்பதுதான் பாடு. நந்தினி என்பவர் பெயரில் மனு வந்தால் எனக்குத் தலைவலி. ந-வை இரண்டு முறை அடித்ததும் "ந்ந" என்று நிற்கிறது. முதல் ந-வுக்குப் பிறகு அ விசையை அழுத்திப் பிரிக்க வேண்டும். சசிக்கும் அதேதான், மமதைக்கும் அதேதான். விதி எனக்குத் தெரியும். ஆனால் விரல் விதியைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

பழைய தட்டச்சு கற்றவர்கள் இதற்கு மேல் ஒரு தண்டனையும் அனுபவிக்க வேண்டும். அங்கே "யளனக" என்று பாடம் தொடங்கும். க இடது ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருக்கும். தமிழ்99-இல் அதே இடத்தில் புள்ளி. "கொ" அடிக்க அங்கே முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அதே விரல்களை அதே வரிசையில் இங்கே வைத்தால் திரையில் "ல்க" என்று வருகிறது. "கொடுக்கல் வாங்கல்" என்று தொடங்கும் பிராதுகளில் என் மானம் எத்தனை முறை போயிற்று என்று எண்ணவில்லை. ம ஒன்றுதான் இரண்டு வரிசையிலும் ஒரே விசை. அதை அடிக்கும்போது மட்டும் ஒரு நிம்மதி.

ழ எங்கே இருக்கிறது என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. "வழக்கு" என்று காற்றில் அடித்துப் பார்த்துத்தான் சொல்வேன். இதில் வெட்கம் எதுவும் இல்லை. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நிமிடத்துக்குச் சராசரியாக 72 ஆங்கிலச் சொற்கள் அடிப்பவர்களிடம் வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். 26-இல் சராசரியாக 15 எழுத்துகளைத்தான் சரியான இடத்தில் வைத்தார்கள். அதே பல்கலைக்கழகத்தின் கோர்டன் லோகனும் மேத்யூ கிரம்ப்பும் 2010-இல் இன்னொரு குறும்பு செய்தார்கள். தட்டச்சாளர் சரியாக அடித்ததைத் திரையில் வேண்டுமென்றே தப்பாகக் காட்டினார்கள், தப்பாக அடித்ததைத் திருத்திக் காட்டினார்கள். ஆட்கள் திரையை நம்பினார்கள். விரல்களோ உண்மையாகத் தப்பிய இடத்தில் மட்டும் தயங்கின. என் அனுபவமும் இதுவே. "ல்க" என்று கண் படிப்பதற்குள் சுண்டுவிரல் அழிப்பு விசைக்குப் போய்விடுகிறது.

அதனால்தான் விசைகளில் ஒட்டும் தமிழ் ஸ்டிக்கர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் மகள் ஆசையாக வாங்கி ஒட்டித் தந்தாள். கண் கீழே இறங்கிவிட்டால் கற்பது கண்தான், விரல் அல்ல. பயிலகத்தில் ஆசிரியை எங்கள் கைகளின் மேல் துணியைப் போட்டு மூடியதன் அர்த்தம் அது. ஸ்டிக்கரை உரித்துவிட்டு, வரிசையின் படத்தை எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு வரிசைகளையும் அடுத்தடுத்துப் பழகாதீர்கள். கைக்கு ஓர் அசைவைக் கற்பித்த கையோடு அதற்கு முரணான இன்னொன்றைக் கற்பித்தால் முதலாவது கலைந்துபோகிறது, நான்கு மணி நேரம் இடைவெளி விட்டால் நிலைக்கிறது என்று ரேசா ஷாட்மேர் உள்ளிட்ட மூவர் 1996-இல் எழுதினார்கள். அது எந்திரக் கையைப் பிடித்து நகர்த்தும் சோதனை, தட்டச்சு அல்ல. ஆனாலும் பகலில் நீதிமன்ற வேலையைப் பழைய வரிசையிலும், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சியைத் தமிழ்99-இலும் வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்குக் கை படிந்தது. வயதானால் வராது என்பதையும் நம்ப வேண்டாம். 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சாளர்களை அமெரிக்க உளவியலாளர் சால்ட்ஹவுஸ் 1984-இல் ஆராய்ந்தார். மூத்தவர்களின் விரல் மெதுவாகியிருந்தது, ஆனால் கண் மூலப்பிரதியில் கூடுதல் தூரம் முன்னே போய் அதை ஈடுகட்டியது. மனு அடிக்கிற எங்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, "மேற்படி மனுதாரர்" என்று கண்ணில் பட்டதுமே அடுத்த அரை வரி என்னவென்று தெரியும்.

எந்த விசைப்பலகையும் பழகாத பிள்ளைக்கு யோசிக்காமல் தமிழ்99-ஐக் கற்றுக்கொடுங்கள். ஓய்வுபெற இரண்டு மூன்று ஆண்டுகளே உள்ள பழைய தட்டச்சர் மாற வேண்டியதில்லை. பழைய வரிசையிலேயே யூனிகோடு அடிக்கும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. கைப்பேசியில் இந்த விசைப்பலகை வேறு சரக்கு. பத்து விரல் கற்றது இரண்டு கட்டைவிரலுக்கு இறங்கி வரவில்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைந்த ஒன்று கிரந்த எழுத்துகளுக்காக. ஸ, ஷ, ஜ, ஹ எல்லாவற்றுக்கும் ஷிப்ட் பிடிக்க வேண்டும். ஜாமீன், ஆஜர், ஜப்தி, ஷரத்து, ராஜினாமா என்று நாள் முழுக்க அடிப்பவளின் வலது சுண்டுவிரலை இதை வகுத்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.