வரப்பில் முருங்கையா, இட்லிப்பூவா?

அம்பாசமுத்திரம் பக்கம் பாகலும் பூசணியும் பயிரிட்டு, பிஞ்சு நிற்காமல் வருந்துவோர், மகரந்தச் சேர்க்கைக்கு வரப்பில் எதை நடுவது என்று கேட்கிறார்கள்.

தேன்: முருங்கைப் பூவில் எளிதில் எட்டும், இட்லிப்பூவிலோ நீண்ட, மெல்லிய குழாயின் அடியில் இருக்கும்.

வருகை: இட்லிப்பூவைப் பெரும்பாலும் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட வண்ணத்துப்பூச்சிகளே நாடும். முருங்கைக்குத் தேனீக்களும் கருவண்டுகளும் வரும். கனத்த கருவண்டு அமர்ந்ததும் பூங்கொத்து தாழ்ந்து, மகரந்தம் அதன் உடலில் அப்பிக்கொள்வதைக் காலையில் அருகில் நின்றே பார்க்கலாம்.

பராமரிப்பு: செடிமுருங்கை விதைத்த 6 மாதங்களுக்குள் பூத்துவிடும், ஆனால் ஆடிக்காற்றில் கிளை முறியும். இட்லிப்பூ காற்றைத் தாங்கும்.

காய்கறித் தோட்டத்துக்கு முருங்கையையே உறுதியாகச் சொல்வேன். முற்றத்தில் வண்ணத்துப்பூச்சிகளை விரும்புவோர் இட்லிப்பூவை வைக்கலாம். எதை நட்டாலும், பூ விரிந்திருக்கும் காலை வேளையில் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். தேனுக்கு வரும் தேனீக்கள் மடிந்துவிடும்.