ரூலட்டில் போன 68,500: சேலம் மக்களே, ‘மர்ம கேஸ்’ பேசும் குழுவில் இருந்தால் இதைப் படியுங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 68,500 ரூபாய். சீட்டு எடுத்து, பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணம். நேற்று ஏற்காடு மலை ஏறி இறங்கிய பிறகுதான் அது திரும்பி வராது என்று உறைத்தது. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்லிவிட்டுக் கடைசியில் பத்து எச்சரிக்கைகளை வரிசையாகப் போடுகிறேன்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு பார்க்கிறவன். பத்து கிராம் வெள்ளி வந்தாலும் டச், அதாவது சுத்தம், பார்க்காமல் உள்ளே எடுக்கமாட்டோம், அப்படிப்பட்ட இடம். சீட்டாட்டம், குடி எதுவும் கிடையாது. இருந்த ஒரே போதை கிரைம் நியூஸ். பேப்பர் வந்தால் முதலில் அந்தப் பக்கம்தான். ஆன்லைனில் ஏமாந்தவர் செய்தி ஏதாவது வந்தால் அதன் கீழே என் கமெண்ட் கட்டாயம் இருக்கும்: “படிச்சவங்களே இப்படி இருந்தா என்ன பண்றது?” நேற்று ராத்திரி உட்கார்ந்து அந்தக் கமெண்ட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அந்தக் குழுவில் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். பெயர் சொல்லமாட்டேன். துப்பு துலங்காத வழக்குகள், வங்கிக் கொள்ளைகள், காசினோக்களில் நடந்த கூத்துகள் என்று தமிழில் பேசுகிற குழு. உண்மையிலேயே நன்றாக இருக்கும். 1971-ல் அமெரிக்காவில் விமானத்தைக் கடத்தி, 2 லட்சம் டாலரை வாங்கிக்கொண்டு பாராசூட்டில் குதித்துக் காணாமல் போன டி.பி. கூப்பர் உயிரோடு தரை இறங்கினானா இல்லையா என்று விடிய விடியச் சண்டை போட்டிருக்கிறோம். செத்திருப்பான் என்பது என் கட்சி. 1980-ல் ஒரு சிறுவனுக்கு ஆற்றங்கரை மணலில் 5,800 டாலர் கிடைத்ததே, உயிரோடு இருந்தவன் அதை ஏன் அங்கே விட்டுப்போகிறான்? 2016-ல் எஃப்.பி.ஐ.யே கையை விரித்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் நம்ம ஊர் ரயில் கொள்ளையைப் பற்றி நீளமாக ஒரு பதிவு போட்டேன். 2016 ஆகஸ்டில் சேலத்திலிருந்து எழும்பூர் போன எக்ஸ்பிரஸில் ரிசர்வ் வங்கிக்கு 342 கோடி ரூபாய் போனது. கூரையில் ஓட்டை போட்டு அதில் 5 கோடியே 78 லட்சத்தை எடுத்துவிட்டார்கள். அப்போது சேலத்திலிருந்து விருத்தாசலம் வரை டீசல் இன்ஜின்தான், தலைக்கு மேலே மின்கம்பி கிடையாது. அதனால் கூரையில் ஆள் உட்கார்ந்து அறுக்க முடிந்தது விருத்தாசலத்துக்கு முன்னால்தான் என்று விளக்கியிருந்தேன். நானாகக் கண்டுபிடித்தது இல்லை, அப்போதே பேப்பரில் வந்ததுதான். ஆனால் எழுதின விதம் கொஞ்சம் நான் கண்டுபிடித்த மாதிரி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

பத்து நிமிஷத்தில் அட்மினிடமிருந்து தனி மெசேஜ். “அண்ணா, நீங்க டிபார்ட்மெண்ட்ல இருக்கீங்களா? எழுத்து அப்படி இருக்கு.”

இந்த ஒரு வரிதான். இதற்குத்தான் 68,500.

அதற்கப்புறம் தினமும் பேச்சு. ஏற்காட்டில் ஏரிக்குப் பின்னால் சொந்த வீடு, காபித் தோட்டம், ஊடே மிளகுக்கொடி என்றான். மலை உச்சியில் இருக்கும் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலம் விளக்குகள் தெரிகிற மாதிரி ராத்திரி போட்டோ அனுப்பினான். “குழுவுல இருக்கிற பத்து பேரைக் கூப்பிட்டு இங்க ஒரு நாள் உட்கார்ந்து பேசணும் அண்ணா, நீங்கதான் தலைமை” என்றான். பட்டறையில் என்னைத் தலைமைக்கு யாரும் கூப்பிட்டதில்லை.

பிறகுதான் ரூலட் பேச்சு வந்தது. சுற்றுகிற சக்கரத்தில் பந்து எந்த நிறக் குழியில் விழும் என்று பணம் கட்டுகிற சூதாட்டம். வெளிநாட்டுக் காசினோவின் நேரலை மேசை, போனிலேயே ஆடலாம். நான் முதலில் சிரித்தேன். ஏனென்றால் 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ காசினோவில் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பில் விழுந்ததையும், அடுத்தது சிவப்புதான் என்று கட்டிக் கட்டி ஜனங்கள் ஓட்டாண்டி ஆனதையும் அதே குழுவில் எழுதினவனே நான். சக்கரத்தில் 37 குழி. 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பச்சைப் பூஜ்யம். போன சுற்றில் என்ன விழுந்தது என்று பந்துக்கு ஞாபகம் இருக்காது. இதெல்லாம் தெரியும். அதற்கு அவன் சொன்ன பதிலைப் பாருங்கள்: “நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் எனக்கு ஐடியாவே வந்துச்சு. 26 கறுப்புங்கிறது நூறு வருஷத்துல ஒரு தடவைதானே அண்ணா? அஞ்சு கறுப்பு விழுற வரைக்கும் சும்மா இருங்க. ஆறாவதுல சிவப்பு வைங்க.”

என் எழுத்தையே எனக்கு விற்றான். நானும் வாங்கினேன்.

500 ரூபாய் போட்டேன். அரை மணியில் 1,400 ஆனது. “எடுத்துப் பாருங்க அண்ணா, அப்பத்தான் நம்பிக்கை வரும்” என்று அவனே சொன்னான். எடுத்தேன். அஸ்தம்பட்டி சிக்னலில் வண்டியில் நிற்கும்போது 1,400 வரவு என்று பேங்க் மெசேஜ் வந்தது. வீட்டுக்குத் தட்டுவடை செட் ஆறு பார்சல் கட்டிக்கொண்டு போனேன். காரம் கூடப் போடச் சொன்னேன் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரம் 3,000. அப்புறம் 15,000. திரையில் என் கணக்கு ஏறிக்கொண்டே போனது. எடுக்கப் போனால், மொத்த டெபாசிட் 50,000 தொட்டால்தான் எடுக்க முடியும் என்று வந்தது. இன்னும் 32,000 போட்டேன். இப்போது திரையில் 1,10,000. அதில் ஜெயித்தது மட்டும் 60,000. எடுக்கப் போனால் மறுபடியும் தடை. ஜெயித்ததற்கு 30 சதவீதம் வரி, 18,000 ரூபாயை முன்கூட்டிக் கட்டுங்கள், ஒரு மணி நேரத்தில் முழுப் பணமும் வரும். கட்டினேன். 500, 3,000, 15,000, 32,000, 18,000. கூட்டிக்கொள்ளுங்கள். முதலில் வந்த 1,400-ஐக் கழித்துச் சொல் என்கிறான் மச்சான். கழிக்கமாட்டேன். அது தூண்டில் புழு.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. முதல் நாள் அந்த மேசையில் சக்கரம் சுற்றிய பெண்ணின் வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஓரம் கொஞ்சம் உரிந்து மேலே சுருண்டு நிற்கும். பாவம், காயம் போல என்று நினைத்தேன். பன்னிரண்டு நாள் கழித்து 32,000 போட்ட ராத்திரியும் அதே விரல், அதே பிளாஸ்திரி, அதே சுருட்டல். கண்ணால் பார்த்தேன். நேரலை என்று ஓடியது பழைய வீடியோ. கூரையில் அறுத்த ஓட்டையை வைத்து டீசல் இன்ஜினைப் பற்றிப் பேசிய துப்பறியும் சிங்கத்துக்கு இது மண்டையில் ஏறவில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கியூஆர் கோடு வந்தது. ஒன்றில் வடநாட்டு அரிசி மண்டியின் பெயர், இன்னொன்றில் மொபைல் கடை. 2016-ல் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து திருடிய 8 கோடியே 10 லட்சம் டாலரில் பெரும்பகுதி மணிலா காசினோக்களுக்குள் புகுந்து தடம் அழிந்துபோன கதையைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். காசினோவுக்குக் கட்டுகிற பணம் எதற்கு அரிசி மண்டிக்குப் போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

வரி கட்டிய மறுநாளிலிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு. கஸ்டமர் கேர் சாட்டில் எதைக் கேட்டாலும், “அன்பான வாடிக்கையாளரே, தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, 24 மணி நேரம் காத்திருக்கவும்.” மூன்று நாள் அதே 24 மணி நேரம். நாலாவது நாள், பெயர்ப் பொருத்தம் சரியில்லை, சரிபார்க்க 9,000 கட்டுங்கள். நல்லவேளை, என்னிடம் அதற்கு மேல் காசு இல்லை. அட்மினைக் கேட்டால் முதலில் “அண்ணா, எனக்கும் மாட்டியிருக்கு, சர்வர் பிரச்சினை.” அப்புறம் “ஊர்ல ஒரு சாவு, பிறகு பேசுறேன்.” போலீஸுக்குப் போவேன் என்றதும்தான் ‘அண்ணா’ காணாமல் போனது. “போங்க. தமிழ்நாட்டுச் சட்டத்துல ஆடினவனுக்கு மூணு மாசம் ஜெயில், அஞ்சாயிரம் அபராதம். தெரியும்ல, கிரைம் நிபுணரே?”

அந்தப் பிரிவு உண்மைதான். 2022-ல் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் இருக்கிறது. அதே சட்டத்தில் நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம், 10 லட்சம் என்று இருப்பதை அவன் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்துவிட்டது என்பதையும், அதில் ஆடினவனுக்குத் தண்டனை இல்லை என்பதையும் சொல்லவில்லை. நான் பயந்துபோய் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்பது நாள்தான் பெரிய நஷ்டம்.

பிறகுதான் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். என்றைக்குப் பணம் அனுப்பினீர்கள் என்று கேட்டபோது தேதியைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. உடனே சொல்லியிருந்தால் போன கணக்கிலேயே பணத்தை முடக்கிப் பார்க்க வழி உண்டாம். வங்கியில் கேட்டால், “நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கீங்களே சார்” என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மனசு கேட்கவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் அவனிடம் என்ன கேட்கவேண்டும் என்று ஒத்திகை. ஏரியைச் சுற்றி இரண்டு தடவை வந்தேன். அவன் சொன்ன பெயரில் வீடும் இல்லை, தோட்டமும் இல்லை. ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, போனில் இருந்த அவன் போட்டோவைக் காட்டி விசாரித்தேன். கடைக்கார அம்மா வடைச் சட்டியிலிருந்து கரண்டியை எடுக்காமலே எட்டிப் பார்த்தார். “இந்த ஆளைத்தான் தம்பி போன வாரமும் ஒருத்தர் தேடிட்டு வந்தாரு. ஆத்தூர்க்காரரு. பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்திருந்தாரு, அந்தம்மா வண்டியிலேயே உட்கார்ந்து அழுதுட்டு இருந்துச்சு.” டீக்குக் காசு வாங்கமாட்டேன் என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

லேடீஸ் சீட்டுக்கும் போனேன், எதற்கென்று தெரியவில்லை. அங்கே நின்ற கும்பலில் பாதிப் பேர் அதே கோணத்தில் அதே போட்டோவை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. “அந்த ரயில் கொள்ளைக்காரங்களை எத்தனை வருஷத்துல புடிச்சாங்க?” என்று கேட்டாள். 2018-ல், இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது என்றேன். “பணம் வந்துச்சா?” நோட்டெல்லாம் நவம்பர் 2016-லேயே செல்லாமல் போய்விட்டதே என்று வாயெடுத்தேன். உள்ளே போய்விட்டாள்.

எச்சரிக்கை பத்து என்றேன். இப்போது யோசித்தால் மூன்றுதான் வருகிறது, பட்டறைக்கும் நேரமாகிவிட்டது. போன பணத்தை மீட்க இன்னும் கொஞ்சம் கட்டு என்று எவன் சொன்னாலும், வரி, சரிபார்ப்பு, ஃபைல் சார்ஜ் எந்தப் பெயரில் கேட்டாலும், ஒரு பைசா கட்டாதீர்கள். வரி என்றால் ஜெயித்த தொகையிலேயே பிடித்துக்கொள்வார்கள், தனியாக அனுப்பச் சொல்லமாட்டார்கள். பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930. வெட்கத்தையும் பயத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய யூடிஆர் நம்பர் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வரும் அடையாள எண்) எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். என்னைக் குழுவிலிருந்து தூக்கியதும் பாதி சாட் என் போனிலிருந்தே போய்விட்டது.

மச்சான் இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறான். இன்று காலை ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். யாரோ ஒருவர் டி.பி. கூப்பர் பிழைத்திருப்பான் என்று நாலு பத்தி எழுதியிருக்கிறார். அதன் கீழே அட்மின்: “சூப்பர் அண்ணா, தனியா மெசேஜ் பண்றேன் பாருங்க.” எழுதினவரின் படத்தில் மேட்டூர் அணை, பதினாறு கண் மதகு திறந்திருக்கிற மாதிரி. அவர் யாரென்று தெரிந்தவர்கள் இந்தப் பதிவை இன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.