வானொலிச் செய்தியாளரின் அரசியல் நினைவுகள்: புத்தகமா, குரல் பதிவா, பேப்பர் தொடரா?

திருகோணமலையில் இருந்துகொண்டு பல்லாண்டு காலம் வானொலிக்கு அரசியல் செய்தி அனுப்பிய ஐயா ஒருவர் எங்கள் ஊரில் ஓய்வாக இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார்; போடவில்லை. அவருடைய நினைவுகளை எப்படியாவது பதிந்து வைக்க வேண்டும் என்று நாங்கள் சிலர் பேசத் தொடங்கியபோது மூன்று யோசனைகள் வந்தன. மகன் புத்தகம் என்கிறார். கொழும்பில் பத்திரிகையில் இருக்கும் நண்பர் ஞாயிறு பதிப்பில் தொடராக விடலாம் என்கிறார். நான் குரலைப் பதிய வேண்டும் என்கிறேன். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இப்படி ஐயாமார் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இதே கேள்வி வரும்.

முதலில், எதைப் பதியப் போகிறோம்? 1987 ஜூலை 29 இல் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானபோது கூடவே பரிமாறப்பட்ட கடிதத்தில் எங்கள் ஊரான திருகோணமலையின் பெயர் இருந்தது. துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் விடுவதில்லை, எண்ணெய்க் குதங்களை இரண்டு நாடுகளும் சேர்ந்து சீரமைப்பது என்பவற்றோடு, வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ, உளவு வேலைக்குப் பயன்படாதபடி பார்த்துக்கொள்வது என்றும் அதில் ஒரு வரி. ஜேர்மன் வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையம் அப்போது திருகோணமலையில் இயங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் வடக்கு–கிழக்கு மாகாண சபை இங்கே வந்தது. 1990 மார்ச் 1 இல் முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் ஈழப் பிரகடனத் தீர்மானத்தை நிறைவேற்றியதும் இங்கேதான். 2006 ஜனவரி 2 இல் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டது, ஜூலையில் மாவிலாற்று அணைக்கட்டுச் சண்டை, ஆகஸ்டில் மூதூர்ச் சண்டை.

இவை நடந்தன என்பது பல இடங்களில் எழுதியிருக்கிறது. இவை எப்படிச் செய்தியாக மாறின என்பதுதான் எங்கும் இல்லை. முதல் தகவலைச் சொன்னது யார், எந்த வசனம் கொழும்பில் வெட்டப்பட்டது, எதைத் தெரிந்துகொண்டே அவர் சொல்லாமல் விட்டார், அன்றிரவு வீட்டுக்கு எந்த வழியால் போனார். ஐயாவுக்கு மட்டும் தெரிந்தது இந்தப் பகுதிதான். இதை அதிகம் வெளியே கொண்டுவருவது எது என்பதே என் அளவுகோல்.

புத்தகத்தில் இருந்து தொடங்குவோம். அதன் மதிப்பை நான் குறைக்க மாட்டேன். பின்னிணைப்பு வைக்கலாம், சுட்டி போடலாம், நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுத்தால் ஸ்கான் செய்து இணையத்தில் போடுவார்கள். 2005 இல் இருந்து ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவருபவர்கள் அவர்கள். ஒரு மாணவி பத்து வருடம் கழித்து ஆய்வுக்கு எடுத்துப் பக்க எண்ணோடு மேற்கோள் காட்டலாம். புத்தகம் இன்னொரு புத்தகத்தை வரவழைக்கவும் செய்யும். பிரிட்டனில் ரொபின் டே என்ற தொலைக்காட்சி நேர்காணலாளர், 1982 இல் பாதுகாப்பு அமைச்சர் ஜோன் நொட்டை, இன்று இருந்து நாளை போய்விடும் அரசியல்வாதி என்று கேள்விக்குள் வைத்துச் சொன்னார். அமைச்சர் மைக்கைக் கழற்றிவிட்டு எழுந்து போனார். டே தன் நினைவுநூலை 1989 இல் வெளியிட்டார். நொட் 2002 இல் தன்னுடையதை எழுதியபோது அந்தச் சொற்களையே தலைப்பாக வைத்தார். கேட்டவரும் எழுதினார், எழுந்து போனவரும் எழுதினார். அரசியல் செய்தியாளரின் நினைவுகளுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. எங்களிடம் இரண்டாவது ஆளின் புத்தகம் பெரும்பாலும் வருவதே இல்லை. முதலாவது வந்தாலாவது எதிர்வாதம் பிறக்கலாம்.

ஆனால் எங்கள் ஊரில் புத்தகம் எப்படி வெளிவருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மண்டபம் எடுக்கிறோம். ஆசியுரை, அணிந்துரை, வாழ்த்துரை என்று முன்பக்கங்கள் போய்விடுகின்றன. பிரதம விருந்தினர் யார்? பாராளுமன்ற உறுப்பினர், இல்லையென்றால் முன்னாள் அமைச்சர். முதற்பிரதியை வர்த்தகப் பிரமுகர் வாங்குவார். இந்த ஆட்களில் பாதிப் பேரைப் பற்றித்தான் ஐயா எழுத வேண்டியிருக்கிறது! மேடையில் இருக்கப் போகிறவரைப் பற்றிய அத்தியாயம் மெலிவதை நான் பல நூல்களில் பார்த்திருக்கிறேன். ஒரு நீண்ட தேர்தல் இரவு, "அவர் பெருவெற்றி பெற்றார்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். விழா முடிந்தபின் மிச்சப் பிரதிகள் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே.

எழுத்திலும் ஒரு சிக்கல். வாழ்நாள் முழுக்க இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகியவர், எழுத உட்கார்ந்தாலும் செய்தி அறிக்கையே எழுதுவார். ஐயா கொப்பியில் எழுதிய சில பக்கங்களை வாசித்தேன். யார், எங்கே, எப்போது என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவர் மட்டும் அதில் இல்லை.

இனி குரல் பதிவு. சோதனைக்காக ஒரு பின்னேரம் ரெக்கோடரை அவர் முன்னால் வைத்து 1990 மார்ச் பற்றிக் கேட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். செய்திக் குரல் வந்தது, தெளிவாக, இடைவெளி இல்லாமல். கொப்பியில் இருந்ததுதான் திரும்பவும். தேத்தண்ணி வந்தது, குடித்தார், ரெக்கோடர் ஓடுவதை மறந்துவிட்டார். "தம்பி, அதை அப்பிடித் தொடங்கேலாது. முதல்ல ஆர் எனக்கு ரெலிபோன் எடுத்தது எண்டதைச் சொல்ல வேணும்" என்றார். அதற்குப் பிறகு வந்த அரை மணித்தியாலம் எந்தப் புத்தகத்திலும் வராது. யார் எடுத்தது என்று சொல்லும் இடத்தில் குரலைத் தாழ்த்தினார், வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லாதபோதும். அந்தத் தாழ்ந்த குரல் அந்தக் காலத்தைப் பற்றிய ஒரு தகவல். எழுத்தில் அதை "அச்சத்துடன் கூறினார்" என்று போட்டால் ஒன்றும் மிஞ்சாது.

வானொலிக்காரருக்குக் குரல்தானே தொழில். அவர் செய்தி வாசித்த பழைய கசற்றுகள் வீட்டில் எத்தனையோ இருந்திருக்கின்றன. எங்கள் கடற்கரை ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போனவையே அதிகம். மிஞ்சியதை உடனே டிஜிட்டல் ஆக்க வேண்டும், அது தனி வேலை. புதிதாகப் பதிவதற்குப் பெரிய செலவில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், யன்னலைச் சாத்துங்கள், சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்குங்கள், சுருக்கப்பட்ட கோப்பாக இல்லாமல் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஒருமுறைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், வயதான தொண்டை. எந்த நிமிடத்தில் எதைப் பேசினார் என்று அன்றிரவே குறித்து வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பிறகு யாரும் உட்கார்ந்து முழுதையும் கேட்கப் போவதில்லை.

குரல் பதிவுக்கு இன்னொரு வசதி இருக்கிறது, எங்கள் நாட்டில் அது பெரிய வசதி. ஒரு பகுதியை மூடி வைக்கலாம். சம்பந்தப்பட்டவர்கள் காலமான பிறகு, அல்லது இத்தனையாம் ஆண்டுக்குப் பிறகு மட்டும் திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஞாயிறு பேப்பரில் அப்படிச் செய்ய முடியுமா? தகவல் தந்தவர்கள் பலர் இன்றும் இந்த ஊரில்தான் சந்தைக்குப் போய்வருகிறார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்காமல் முழு உண்மையையும் சொல்லி வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. நினைவு தானாகவே கதையைச் செதுக்கிவிடும், நல்ல குரல் அதை நம்பவும் வைத்துவிடும். அமெரிக்காவில் வோல்டர் குரொங்கைட் 1968 பெப்ரவரி 27 இல், வியட்நாம் போர் முட்டுக்கட்டை நிலையில்தான் முடியும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அதைப் பார்த்த ஜனாதிபதி ஜோன்சன், குரொங்கைட்டை இழந்தேன் என்றால் நாட்டையே இழந்தேன் என்று சொன்னாராம். பத்திரிகையியல் வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. ஆனால் அது ஒளிபரப்பான நேரத்தில் ஜோன்சன் டெக்சாஸில் ஆளுநர் ஒருவரின் பிறந்தநாள் நிகழ்வில் நின்றார் என்று பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இவ்வளவு பிரபலமான சம்பவத்திலேயே இப்படி என்றால், எங்கள் ஐயா சொல்லும் திகதிகளை அப்படியே எடுக்க முடியாது. கேள்வி கேட்பவர் பழைய வீரகேசரி, தினகரன் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். சும்மா மைக்கை நீட்டினால் போதாது.

பத்திரிகைத் தொடர் இந்தக் குறையை நன்றாகவே தீர்க்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு கிழமை தவறாக எழுதினால் அடுத்த கிழமை கடிதம் வரும்: "அன்று கூட்டம் நடந்தது அந்த மண்டபத்தில் அல்ல, நானும் போயிருந்தேன்." சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே சரிபார்க்க இதைப்போல ஒன்று கிடையாது. 1977 இல் முதன்முதல் பாராளுமன்றம் போன எங்கள் ஊர்த் தமிழ்த் தலைவர் சம்பந்தன் 2024 ஜூனில் காலமானார். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது, கடிதம் எழுதக்கூடியவர்களும்தான்.

பேப்பருக்கு இந்த ஊரில் தனி மதிப்பு இருப்பதற்குக் காரணமும் உண்டு. அந்த ஐந்து மாணவர்களும் கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டபோது, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டும் படங்களை எடுத்துச் சுடர் ஒளி பத்திரிகையில் வரச் செய்தவர் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். மூன்று கிழமை கழித்து, 2006 ஜனவரி 24 காலை, அவரையும் இந்த ஊரிலேயே சுட்டுக் கொன்றார்கள். தன் நினைவுகளை எழுத அவருக்கு வயது வரவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து பிபிசிக்குச் செய்தி சொன்ன நிமலராஜன் 2000 ஒக்டோபரில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். தப்பியிருப்பவர்களின் வாக்குமூலத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இவர்கள்தான் காரணம். ஐயாவிடம் சுகிர்தராஜனைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு கேட்டிருக்கிறேன், ஓம் என்று சொல்லியிருக்கிறார்.

அதே நேரம் தொடருக்கு இடம் சிறியது. விளம்பரம் வந்தால் இன்னும் சுருங்கும். வழக்கு வரும் என்று ஆசிரியர் பயந்தால் பெயர்கள் "ஒரு பிரமுகர்" ஆகிவிடும். வாராவாரம் சுவையாக முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் சம்பவம் மட்டும் மிஞ்சி, செய்தி உருவான விதம் கழன்றுவிடும்.

யூடியூப் நேர்காணலைப் பற்றியும் கேட்டார்கள். எனக்கு உடன்பாடில்லை. தலைப்புக்காக ஒரு வசனத்தை வெட்டி எடுத்து ஊரை இரண்டாக்குவார்கள். இணையத்தில் சொல்வதற்கு வழக்குப் போடக்கூடிய 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு இருக்கிறது. எண்பது வயதுக்காரரை அதற்குள் இழுத்துவிடக் கூடாது.

ஒன்றுதான் முடியும் என்றால் நான் குரலைத்தான் எடுப்பேன். பதிவு இருந்தால் நாளைக்கு யாரும் அதில் இருந்து புத்தகம் எழுதலாம், தொடரும் எழுதலாம். புத்தகத்தில் இருந்து அந்தத் தேத்தண்ணிக்குப் பிந்திய அரை மணித்தியாலத்தை யாரும் எடுக்க முடியாது. இரண்டு முடியுமென்றால், பதிவுக்குப் பிறகு ஆபத்தில்லாத பகுதிகளைத் தொடராக விட்டு வாசகர் திருத்தங்களைச் சேர்க்கலாம். புத்தகம் கடைசியில், பிரதம விருந்தினர் இல்லாமல்.

முதல் மூன்று அமர்வுகளுக்கான கேள்விகளைத் தயார் செய்துவிட்டேன். 1987 கடிதத்தின் ஒலிபரப்பு வரியை அன்றே கவனித்தாரா, அதைச் செய்தியாக அனுப்பினாரா என்பது முதலாவது. பிரகடனத்தின் அன்று ரெலிபோன் எடுத்தவர் யார் என்பதை முழுமையாகச் சொல்ல வைப்பது இரண்டாவது. அது மூடிய பதிவாக இருக்கும். மூன்றாவது 2009 பெப்ரவரி. தன் நிகழ்ச்சிகளில் குறுக்கீடு நடக்கிறது என்று சொல்லி பிபிசி இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்குக் கொடுத்த எப்.எம். சேவையை நிறுத்திய மாதம் அது. 2013 இலும் அப்படி நடந்தது, 2017 ஏப்ரலோடு பிபிசியின் தமிழ்ச் சேவையான தமிழோசையின் வானொலி ஒலிபரப்பே நின்றுவிட்டது. போர் உச்சத்தில் இருந்தபோது எங்கள் ஊர்ச் சனம் எந்த அலைவரிசையில், யார் வீட்டில், எந்தச் சத்த அளவில் செய்தி கேட்டது என்று அவரிடம் கேட்க வேண்டும்.