நின்று நின்று ஓடிய படகு மோட்டாருக்குக் கிடைத்த பொறுமையான வைத்தியம்

சிங்கப்பூரின் உபின் தீவுப் பக்கம் மீன்பிடிக்கச் செல்லும் என் சிறுபடகின் பழைய 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார், பத்து நிமிடம் ஓடியதும் நின்றுவிடுவதால், அதை ஒரு சிறிய பழுதுபார்ப்புக் கடைக்கு எடுத்துச் சென்றேன். ஸ்பார்க் பிளக்கை நானே இருமுறை மாற்றியிருந்தேன், வீண் செலவு.

கடைக்காரர் மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் ஓடவிட்டு, அது திணறத் தொடங்கியதும் எரிபொருள் குழாயில் எரிபொருளைக் கையால் தள்ள உதவும் ரப்பர்க் குமிழை அழுத்தினார். மோட்டார் உடனே சீரடைந்தது. டாங்கியின் காற்றுத்துளை அடைபட்டிருந்தால் குமிழ் சப்பையாகிவிடும் என்றும், அவ்வாறு ஆகாததால், மோட்டாரின் சுழல்தண்டு இருக்கும் கிராங்க் அறையின் அழுத்த மாற்றத்தால் இயங்கும் எரிபொருள் பம்ப்பின் சவ்வே கிழிந்திருக்க வேண்டும் என்றும் விளக்கி, கழற்றிக் காட்டினார். கிழிசல் தெளிவாகத் தெரிந்தது. கார்புரேட்டரில் எரிபொருள் பாயும் நுண்துளையான ஜெட்டில் படிந்திருந்த பிசினையும் நீக்கினார்.

கட்டணம் 140 வெள்ளி நியாயமே. உதிரிப்பாகத்துக்காக 9 நாள் காத்திருந்தபோது ஒரு தகவலும் வராததுதான் குறை.