எச்சரிக்கை: அலாஸ்கா க்வில்டிங் கப்பலுக்கு வகுப்புக் கட்டணம் கட்டும் முன்

சியாட்டிலில் இருந்து கிளம்பும் ஏழு இரவு அலாஸ்கா கப்பலில் க்வில்டிங் (துணித் துண்டுகளை வெட்டிச் சேர்த்துப் போர்வை தைப்பது) வகுப்பு நடத்துவதாகச் சொல்லி ஓர் ஏற்பாட்டாளர் 26 பேரைச் சேர்த்தார். விளம்பரத்தில் இருந்தது: 24 மணி நேர வகுப்பு, ஆளுக்கொரு தையல் மெஷின், வெட்டவும் இஸ்திரி போடவும் தனி மேசைகள். வகுப்புக்கு 695 டாலர், துணிக் கிட்டுக்கு 95 டாலர். கிடைத்தது 8 மணி நேரம், இரண்டு பேருக்கு ஒரு மெஷின், மூன்று இஸ்திரிப் பெட்டி. அந்த மூன்றிலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடியது. ஒருவரைக் கப்பலிலேயே ஏற்றவில்லை. அடுத்த சீசனுக்கு அதே ஆள் முன்பணம் வாங்கத் தொடங்கிவிட்டார். அதனால்தான் அவரோடு போன நாங்கள் இதை எழுதுகிறோம்.

கப்பல் கம்பெனி மேல் எந்தக் குறையும் இல்லை. சாப்பாடு, கேபின், ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் துறைமுகங்கள் எல்லாம் சொன்னபடி. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பெரிய கப்பலின் பெயரைப் பார்த்ததும் வகுப்பும் அவர்களுடைய பொறுப்பு என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் நாம் இரண்டு பேருக்குத் தனித்தனியாகப் பணம் கட்டுகிறோம். கேபின் பணம் கப்பல் கம்பெனிக்கு, வகுப்புப் பணம் ஏற்பாட்டாளருக்கு. கப்பல் டிக்கெட்டின் ஒப்பந்தத்தில் தையல் மெஷினைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. கப்பலின் வாடிக்கையாளர் மேசையில் போய்ப் புகார் சொன்னால் அது எங்கள் நிகழ்ச்சி இல்லை என்பார்கள், அது சரியான பதில்தான்.

பணத்தைத் திருப்பித் தரும் சட்டமும் இப்படித்தான் பிரிந்து நிற்கிறது. அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றும், 50 பேருக்கோ அதற்கு மேலோ படுக்கை உள்ள கப்பல்கள் பயணத்தை ரத்து செய்தாலோ, மூன்று நாளோ அதற்கு மேலோ தாமதித்தாலோ பணம் திரும்பக் கேட்கலாம். கப்பல் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் மாரிடைம் கமிஷன் 2022-இல் கொண்டுவந்த விதி அது. ஆனால் அது கப்பல் கம்பெனியை மட்டும்தான் கட்டுப்படுத்தும். கப்பல் நேரத்துக்குக் கிளம்பி வகுப்பு மட்டும் நடக்காமல் போனால் அந்த விதியால் ஒரு பைசா வராது.

மணிக்கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஏற்பாட்டாளர் தரும் தாளை நம்பாமல் கப்பல் கம்பெனியின் தளத்தில் அந்தத் தேதிக்கான பயணத் திட்டத்தை எடுங்கள். சியாட்டிலில் கிளம்பும் ஏழு இரவுப் பயணத்தில் கரையே தொடாத முழுக் கடல் நாள் பெரும்பாலும் ஒன்றுதான், இரண்டாம் நாள். அடுத்து பனியாறு பார்க்கும் நாள். கடைசியாக, மாலை கனடாவின் விக்டோரியாவில் நிற்பதற்கு முந்தைய பகல். இந்த மூன்றையும் எட்டு எட்டு மணி நேரமாகக் கூட்டித்தான் 24 என்று போட்டிருந்தார். பனியாறுகள் உள்ள கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் கப்பல் போகும் நாளில் பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள், மொத்தக் கப்பலும் மேல்தளத்தில் நிற்கும். அன்றைக்கு ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து தைக்க யாருக்கு மனசு வரும்? கடைசி நாளில் பெரிய பெட்டிகளை இரவே கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும் என்பதால் மெஷின்களைக் காலையிலேயே கட்டி ஏற்றிவிட்டார்கள். மீதி இரண்டு நாள், பதினாறு மணி நேரம். மெஷின் 13 தான் இருந்ததால் இரண்டு பிரிவு. ஆளுக்கு எட்டு மணி நேரம் வந்தது இப்படித்தான்.

ஆகவே "எத்தனை மணி நேரம்" என்று கேட்காதீர்கள். "ஒரு ஆள் மெஷின் முன்னால் எத்தனை மணி நேரம் உட்காருவார், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை" என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.

இஸ்திரி விஷயம்தான் க்வில்டிங் தெரிந்தவர்களுக்கு அதிகம் வலிக்கும். ஒவ்வொரு தையலையும் இஸ்திரியால் அழுத்தாமல் அடுத்த துண்டைச் சேர்த்தால் பிளாக் (துண்டுகள் சேர்ந்து உருவாகும் சதுரம்) கோணிக்கொள்ளும். தீ அபாயம் என்பதால் கேபினில் இஸ்திரிப் பெட்டி கூடாது, கொண்டுபோனால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள் தருவார்கள். எக்ஸ்டென்ஷன் வயருக்கும் சர்ஜ் புரொடெக்டருக்கும் அதே கதி. வகுப்பறைக்கு மட்டும் ஏற்பாட்டாளர் முன்கூட்டியே கப்பலிடம் எழுதி அனுமதி வாங்கலாம். இந்த ஆள் அனுமதி வாங்கினார், மின்சாரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. 1500 வாட் பெட்டி ஒன்று 110 வோல்டில் 13 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 15 ஆம்பியர் லைனில் இரண்டாவது பெட்டியைப் போட்டதும் பிரேக்கர் விழும், விழுந்தது. அதே லைனில் இருந்த ஐந்து மெஷின்களும் நின்றன, ஒன்றில் ஊசி துணிக்குள் இறங்கியபடியே. தையல் மெஷின்களால் பிரச்சனை இல்லை, வீட்டு மெஷின் 100 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். பதின்மூன்றும் சேர்ந்து ஓடினாலும் ஒரு இஸ்திரிப் பெட்டி அளவுக்குத்தான் வரும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: "இஸ்திரிக்கு எத்தனை தனி லைன் கொடுத்திருக்கிறார்கள்?" எட்டுப் பேருக்கு ஒரு பெட்டியாவது ஓடவில்லை என்றால் வரிசையில் நிற்பதிலேயே வகுப்பு முடிந்துவிடும்.

அறை எது என்றும் கேளுங்கள். மாநாட்டு அறை என்று சொல்லிவிட்டுப் பக்கத்து லவுஞ்சில் உட்கார வைத்தார்கள். தைக்கும் மேசை தரையிலிருந்து 28 முதல் 30 அங்குலம் உயரம் இருக்க வேண்டும், நின்று வெட்டும் மேசை 36 அங்குலமாவது. லவுஞ்சில் இருந்தவை முழங்கால் உயர வட்ட மேசைகள். அதன் மேல், வெட்டும்போது அடியில் விரிக்கும் 18க்கு 24 அங்குல மேட்டை வைத்தால் நான்கு மூலையும் வெளியே தொங்கும், வட்ட பிளேடு சுழலும் ரோட்டரி கட்டரை அழுத்தும்போது மேட் சாயும். கை போகும் அபாயம் அது. மங்கல் விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிந்து, பிளாக்கில் தவறான துண்டைத் தைத்தவர்கள் நாலு பேர்.

இனி கிட். 95 டாலருக்குக் கொடுத்தது இரண்டரை அங்குல அகலத் துணிப் பட்டைகள் 40. கணக்கு எளிது. 40 பட்டை என்பது 100 அங்குலம், அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் கெஜம் துணி. நல்ல க்வில்டிங் காட்டன் கெஜம் 12 முதல் 15 டாலர் என்று வைத்தாலும் 40 டாலரை ஒட்டித்தான் வரும். விலையைக் கூட மன்னிக்கலாம், வெட்டிய லட்சணத்தை மன்னிக்க முடியாது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் பாதிப் பட்டைகள் ஒரு நூல் குறைவு, அதாவது அரைக்கால் அங்குலம். நடுத் துண்டைச் சுற்றிப் பட்டைகளை வைத்துத் தைக்கும் லாக் கேபின் பிளாக்கில் குறுக்காக ஆறு பட்டை வரும். ஆறும் குறைந்தவையாக இருந்தால் ஆறு அரைக்கால், முக்கால் அங்குலம். பக்கத்துப் பிளாக் சரியாக வெட்டியதாக இருந்தால் இரண்டும் எந்த ஜென்மத்திலும் மூலை சேராது. கிட் கைக்கு வந்ததும் பத்துப் பட்டையையாவது அளந்து, ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

மெஷின்களில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகமான ஃபுட், க்வில்டிங்குக்கான கால் அங்குல ஃபுட் இல்லை, பொது ஃபுட்தான். அதன் ஓரத்தை வைத்துத் தைத்தால் தையலுக்கு வெளியே விடும் விளிம்பு தாராளமாகப் போகும். விளிம்பில் வீசம் அங்குலம் கூடினால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் போகும், 12 தையல் உள்ள வரிசையில் ஒன்றரை அங்குலம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மெஷினின் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, அதற்குப் பொருந்தும் ஃபுட்டையும் பாபின்களையும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். மாடல் எண் சொல்லத் தெரியாத ஏற்பாட்டாளரிடம் மெஷினே உறுதியாகவில்லை என்று அர்த்தம். 80/12 ஊசி ஒரு பாக்கெட், 50 எடை காட்டன் நூல், ஒரு சீம் ரோலர் எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்திரி கிடைக்காத நேரத்தில் மர உருளையால் தையலைப் படிய வைக்கலாம். கத்தரிக்கோல் அலகு 4 அங்குலத்துக்குள் இருக்கட்டும். விமானத்தில் ரோட்டரி கட்டர் பிளேடு கைப்பைக்குள் போகாது, செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

ஏற்ற மறுக்கப்பட்டவரின் கதை நம் வீட்டுப் பெண்கள் பலருக்கும் நேரக்கூடியது. "அமெரிக்காவில் ஏறி அமெரிக்காவில் இறங்குகிறோம், விசா எதுவும் வேண்டாம்" என்று ஏற்பாட்டாளர் எழுதியிருந்தார். அமெரிக்கக் குடிமக்களுக்கு அது சரி. ஆனால் வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இடையில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொடாமல் சியாட்டிலில் ஏற்றிய பயணிகளைச் சியாட்டிலிலேயே இறக்கும் சுற்றுக்குப் போக முடியாது. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் அது, அதற்காகத்தான் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு எச்-1பி வேலை விசாவிலோ அவர் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவிலோ இருப்பவருக்கு அந்தச் சில மணி நேரத்துக்கும் கனடா விசா வேண்டும், கப்பலை விட்டு இறங்காவிட்டாலும் கூட. கிரீன் கார்டு இருந்தால் அதுவும் பாஸ்போர்ட்டும் போதும். துறைமுகத்தில் தெரிந்துகொண்டால் ஒன்றும் செய்ய முடியாது, கட்டணமும் திரும்பாது.

பணம் கட்டும் வழி. செக், ஜெல் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் வழி) இரண்டும் வேண்டாம், கிரெடிட் கார்டு மட்டும். கார்டு வேண்டாம் என்பவர் வேண்டாம். தராத சேவைக்கான கட்டணத்துக்குக் கார்டு வங்கியிடம் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்க அமெரிக்கச் சட்டம் தரும் கெடு, கட்டணம் முதலில் வந்த ஸ்டேட்மென்டிலிருந்து 60 நாள். எட்டு மாதம் முன்பே பணம் கட்டினால் கப்பல் கிளம்பும் முன்பே அது முடிந்துவிடும். பின்னால் தர வேண்டிய சேவை என்றால் சேவைத் தேதியிலிருந்து எண்ணும் வங்கிகளும் உண்டு, கட்டும் முன் உங்கள் வங்கியைக் கேளுங்கள். வகுப்புப் பணத்தைத் தனி ரசீதாக வாங்குங்கள். கேபினோடு ஒரே தொகையாகப் போட்டால் எது கிடைக்கவில்லை என்று பிரித்துக் காட்ட முடியாது.

முன்பணம் கட்டிய ஒரு வாரத்தில் கப்பல் கம்பெனியின் புக்கிங் எண்ணைக் கேளுங்கள், ஏற்பாட்டாளரின் எண் அல்ல. அதைக் கம்பெனியின் தளத்தில் போட்டால் உங்கள் பெயரும் கேபினும் தெரிய வேண்டும். கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, வாஷிங்டன், ஹவாய் மாநிலங்களில் பயணம் விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டு மாநிலத் தளத்தில் சரிபாருங்கள். இன்சூரன்ஸ் எடுத்தால், பயணத்தை விற்றவரே கைவிட்டால் ஈடு உண்டா என்று பாலிசியில் தேடுங்கள். பலவற்றில் அது விலக்கு.

எங்கள் நிலவரம்: அளவு காட்டிய படங்களை வைத்து கிட் பணம் கார்டு வழியாகத் திரும்ப வந்துவிட்டது. வகுப்புக் கட்டணத்துக்கான மறுப்பை வங்கி விசாரிக்கிறது. ஏற்பாட்டாளர் அனுப்பிய ஒரே பதில், அடுத்த பயணத்தில் 100 டாலர் தள்ளுபடி. அதை ஏற்றால் கோரிக்கை தீர்ந்ததாக ஆகிவிடும் என்பதால் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அவரோடு போனவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் போடாதீர்கள்.