பிஎம்ஏ 1 மி.கி. குப்பி: ஹெப்-ஜி2 ஆய்வுக்கு வாங்கலாமா?

பிஎம்ஏ (ஃபோர்பால் மிரிஸ்டேட் அசிட்டேட்) என்ற வேதிப்பொருளை, 'கட்டி ஊக்கி' என்ற பெயரை நம்பி, ஈரல் புற்றுச் செல்கள் மளமளவென்று பெருகும் என்று வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஹெப்-ஜி2 என்ற ஈரல் புற்றுச் செல்களை வளர்க்கும் தட்டில் 100 நானோமோலார் இட்டால் நடப்பது நேர் எதிர். பெருக்கம் மந்தமாகும், கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்த செல்கள் நீண்டு, பிரிந்து, சிதறும். சரக்கில் குறையில்லை. பிகேசி (புரோட்டீன் கைனேஸ் சி) நொதியை விடாமல் முடுக்கி, அதன் வழியே செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் ஈஆர்கே பாதையை நெடுநேரம் இயக்குவதுதான் இதன் வேலை. அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது. எலித்தோலில் கட்டி வளர்த்த பொருள் எல்லாச் செல்லையும் வளர்க்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

குப்பியைத் திறந்தால் காலியாகத் தெரியலாம். பொருள் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும், சுரண்ட வேண்டாம். 1.62 மி.லி. டிஎம்எஸ்ஓ கரைப்பானை நேராக உள்ளே விட்டு, சுவரெங்கும் படும்படி சுழற்றினால் 1 மில்லிமோலார் கரைசல். 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து, ஒளி படாமல் மைனஸ் 20 டிகிரியில் வைக்கவும். இதிலிருந்து 0.1 மைக்ரோலிட்டர் எடுக்க முயல்வதால்தான் பலருக்குக் கிணற்றுக்குக் கிணறு (தட்டின் குழிக்குக் குழி) அளவு மாறுகிறது. டிஎம்எஸ்ஓவிலேயே பத்து மடங்கு நீர்த்துவிட்டு, செல் வளர்ப்பு ஊடகத்தில் மி.லி.க்கு 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 100 நானோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். ஊடகத்தில் கலந்ததை எடுத்து வைக்கக் கூடாது, பிளாஸ்டிக்கில் ஒட்டி வீரியம் குறையும்.

பாஸ்போ-ஈஆர்கே (முடுக்கப்பட்ட ஈஆர்கே) பார்க்க, முந்தின இரவே சீரத்தை நிறுத்தி, 15 முதல் 30 நிமிடத்தில் செல்களை உடைக்கவும். 24 மணி நேரம் விட்டால் பிகேசியின் ஆல்ஃபா வகையே சிதைந்து குறையும். அப்போது தெரிவது முடுக்கமா, இழப்பா என்று பிரிக்க முடியாது. டிஎம்எஸ்ஓ மட்டும் இட்ட கிணறோடு, ஒப்பீட்டுக்குப் பிஎம்ஏவின் செயலற்ற 4-ஆல்ஃபா வடிவத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

மூலம் நேர்வாள எண்ணெய். சுத்தி செய்யாத நேர்வாளத்துக்குச் சித்த மருத்துவம் காட்டும் பயம் இதற்கும் வேண்டும்: இரட்டை நைட்ரைல் கையுறை, ஏனென்றால் டிஎம்எஸ்ஓ தோலைத் தாண்டிக் கொண்டுபோய்விடும்.

ஈரலுக்கே உரிய ஊக்கியைத் தேடினால் ஃபீனோபார்பிட்டால் என்ற மருந்துதான். அதற்கு ஹெப்-ஜி2 பொருந்தாது. அந்த மருந்து செயல்படத் தேவையான சிஏஆர் ஏற்பி அதில் மிகக் குறைவு. ஹெப்பா-ஆர்ஜி என்ற ஈரல் செல் வகையை எடுங்கள். பிஎம்ஏவில் 5 மி.கி. குப்பி வீண்செலவு: 100 நானோமோலாரில் 1 மி.கி.யே 16 லிட்டர் ஊடகத்துக்கு வரும்.