கனடாவில் பி.எச்.ஐ. படிப்பு: பட்டம் தரமானது, அந்த 12 வாரம்தான் சிக்கல்

இலங்கையில் பி.எச்.ஐ. என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டெங்கு நுளம்பு பெருகுகிறதா என்று வளவுக்குள் வந்து சிரட்டையைப் புரட்டிப் பார்ப்பவர். சாப்பாட்டுக் கடைக்காரர் பயப்படும் ஆள். கனடாவிலும் வேலையின் பெயர் அதேதான்: பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுற்றாடல் சுகாதார அலுவலர் என்பார்கள். இந்த வேலைக்கு ஆளைத் தயார்படுத்தும் இளநிலைப் பட்டப்படிப்பு, கட்டும் பணத்துக்கும் செலவழிக்கும் 4 வருடத்துக்கும் ஈடாகுமா என்பதுதான் இங்கே பேச்சு.

பாட நெறியின் பெயரைப் பார்த்து ஏமாறுவது அதிகம். பரிசோதகராக வேலை செய்யத் தேவைப்படுவது சி.பி.எச்.ஐ.(சி) சான்றிதழ். கனடியப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நிறுவகத்தின் சான்றளிப்புச் சபை அதைத் தருகிறது. அதன் அங்கீகாரம் பெற்ற பட்டம், குறைந்தது 12 வாரக் களப்பயிற்சி, பிறகு சபையின் சோதனை என்று மூன்று படிகள். சுற்றாடல் விஞ்ஞானப் பட்டத்தில் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் முதல் படியே ஏற முடியாது. ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தில் (2022 வரை றயர்சன்) ஒரே பள்ளிக்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன: பொதுச் சுகாதாரமும் பாதுகாப்பும், தொழில்சார் சுகாதாரமும் பாதுகாப்பும். இரண்டாவது தொழிற்சாலை, கட்டுமானப் பாதுகாப்புக்கு நல்ல வழிதான்; ஆனால் பி.எச்.ஐ. ஆக நினைத்து அதில் விண்ணப்பித்தால் பிழையான பேருந்தில் ஏறிய கதை. கொனஸ்ரோகா கல்லூரி, பிரிட்டிஷ் கொலம்பியா தொழில்நுட்ப நிறுவகம், கேப் பிரெட்டன் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் இந்தப் படிப்பு உண்டு. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கு எட்மன்டன் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் 2 வருட வழி காலத்தை மிச்சப்படுத்தும். எதுவானாலும் பணம் கட்டும் முன் சபையின் அங்கீகாரப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள்.

பாடங்களைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. இரசாயனம், நுண்ணுயிரியல், நச்சியல், புள்ளிவிவரம், தொற்றுநோயியல், சட்டம் எல்லாம் வரும். கணக்குக்குப் பயந்தவர்கள் தொற்றுநோயியலில் தடுக்கி விழுவார்கள். கலியாண வீட்டில் 80 பேர் சாப்பிட்டு 30 பேருக்கு வயிற்றோட்டம் என்றால், எந்தக் கறி என்று கண்டுபிடிப்பது ஊகம் இல்லை. சாப்பிட்டவர்களில் எத்தனை வீதம், சாப்பிடாதவர்களில் எத்தனை வீதம் என்று ஒவ்வொரு பண்டத்துக்கும் போட்டுப் பார்க்கும் கணக்கு.

படிப்பின் உண்மையான பெறுமதி ஆய்வுகூடத்தில் இருக்கிறது. ஒரு உதாரணம், தண்ணீரில் குளோரின் அளக்கும் டி.பி.டி. முறை. மருந்தைப் போட்டால் குளோரின் உள்ள நீர் இளஞ்சிவப்பாகும். நிறம் கூடினால் குளோரின் கூட. ஆனால் குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறத்தையே அது வெளிறவைத்துவிடும். கண்ணாடிக் குழாயில் நிறமே இல்லை. புதியவர் ‘பூச்சியம்’ என்று எழுதி, நீச்சல் குளத்தில் இன்னும் குளோரின் போடச் சொல்லுவார். சந்தேகம் வந்தால் மாதிரியைக் குளோரின் இல்லாத நீரில் பத்து மடங்கு ஐதாக்கி மறுபடி அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் இடத்துக் கிருமிநீக்கிக் கரைசலுக்கு (ஒன்ராறியோவில் குறைந்தது 100 பி.பி.எம்., அதாவது லீற்றருக்கு 100 மி.கி. குளோரின்) அதற்கென்று வரும் தாள் பட்டிதான் சரி. 5.25 வீத பிளீச் என்றால் லீற்றருக்கு 2 மி.லீ. போதும். எண்ணெய்ப் பிசுக்கோடு பாத்திரத்தை முக்கினால் அந்த 100, சில நிமிடத்தில் காணாமல் போகும்.

உணவுப் பாடம் எங்கள் சமையலுக்கு நேரே பொருந்துகிறது. குளிர் உணவு 4 பாகை செல்சியஸுக்குக் கீழே, சூடான உணவு 60க்கு மேலே. ஆறவைக்கும்போது 60இலிருந்து 20க்கு 2 மணித்தியாலத்தில், 20இலிருந்து 4க்கு அடுத்த 4 மணித்தியாலத்தில் இறங்க வேண்டும். 40 லீற்றர் குழம்புப் பானையை அப்படியே குளிரறையில் தள்ளினால் நடுப்பகுதி மறுநாள் காலையிலும் இளஞ்சூடாக இருக்கும். ஆழம் குறைந்த தட்டுகளில் பிரித்து ஊற்ற வேண்டியதற்குக் காரணம் இதுதான். சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியா இன்னும் கள்ளத்தனமானது: அதன் வித்திகள் அவித்தாலும் சாகாது, வாந்தி வரவைக்கும் நஞ்சு மறுபடி பொரித்தாலும் அழியாது. நேற்றுச் சோறு வெளியே கிடந்திருந்தால், ‘நல்லா சூடாக்கினனான்’ என்ற பதில் செல்லாது.

குடிநீர்ப் பாடத்தில் ஒன்ராறியோவின் சிறு நகரமான வோக்கர்ட்டனைத் தவிர்க்கவே முடியாது. 2000 மே மாதம், பெருமழைக்குப் பிறகு மாட்டெரு கலந்த நீர் 5ஆம் கிணற்றுக்குள் இறங்கியது. எருவின் சேதனப் பொருளே போட்ட குளோரினைத் தின்று தீர்த்தது. மீதி இருக்கிறதா என்று தொடர்ந்து அளக்கும் கருவி அங்கே இல்லை. நீர் விநியோகத்தை இயக்கியவர்கள் அளக்காமலே லீற்றருக்கு 0.5, 0.75 மி.கி. என்று குறித்து வந்தார்கள். 7 பேர் இறந்தார்கள், 2,300க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஏட்டில் எப்போதும் ஒரே எண் வந்தால் சந்தேகப்படு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு பாடம் வேண்டாம்.

பலவீனம் சட்டப் பக்கம். ஒன்ராறியோவில் சுகாதாரப் பாதுகாப்பு, மேம்பாட்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி பரிசோதகரே ஒரு கடையை மூட உத்தரவிடலாம். அந்த உத்தரவு நிற்பதும் விழுவதும் குறிப்பேட்டில்: நேரம், வெப்பநிலை, எந்தக் கருவி, யார் கூட இருந்தார். ‘குளிர்சாதனப் பெட்டி சரியில்லை’ என்பது குறிப்பு அல்ல. ‘மு.ப. 11.20, கோழிக்கறி நடுப்பகுதி 17 பாகை’ என்பதே குறிப்பு. இதற்கு வகுப்பறையில் கிடைக்கும் நேரம் போதாது. கோபப்படும் கடைக்காரரோடு பேசுவதும் அப்படித்தான். தமிழ் தெரிந்தால் ஸ்காபரோவில் பாதிச் சண்டை குறையும். மாமாவின் கடை வந்தால் மட்டும் பரிசோதனையை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இனி அந்த 12 வாரம். பட்டம் முடித்தும் சான்றிதழ் இல்லாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். பட்டதாரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி சுகாதார அலுவலகங்களில் இடங்கள் இல்லை. கோடைக்கால இடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். ரொறன்ரோவை மட்டும் நம்பி இருக்காமல் வடக்கு ஒன்ராறியோவுக்கும் எழுதுங்கள். அங்கே சிறு குடிநீர்த் தொகுதி, கழிவுநீர், விசர்நாய்க்கடி விசாரணை, நீச்சல் குளம் எல்லாம் ஒருவர் கையிலேயே வரும். பெருநகரில் 12 வாரமும் சமையலறைகளிலேயே கழிந்து, சோதனையில் கிணற்றுக் கேள்வி வரும்போது விழிக்க நேரலாம். கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கும் வழக்கை ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு விசர்நாய்க்கடிக் கேள்விக்கு விடை மறக்காது.

சாரதி அனுமதிப்பத்திரத்தை முதலாம் வருடத்திலேயே எடுத்துவிடுங்கள். கார் இல்லாதவருக்கு நகருக்கு வெளியே களப்பயிற்சி கிடைப்பது அரிது.